குடிசன் பார்க் பற்றி எங்கட ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

எவர்ட்டன் எண்ட இங்கிலாந்துப் புட்போல் கிளப் 1892ல இருந்து விளையாடின குடிசன் பார்க் கிறவுண்டை விட்டிட்டு 2025ல புது இடத்துக்குப் போயிட்டுது. நான் இருக்கிறது கிளிநொச்சிப் பக்கம். எங்கட கிளப் பெடியள், தேத்தண்ணிக்கடையில சந்திக்கிற ஆக்கள், வெளிநாட்டில இருந்து லீவில வாற சொந்தக்காரர் எண்டு ஆரைக் கண்டாலும் அந்தக் கிறவுண்டைப் பற்றித்தான் கதைக்கிறன், அவையும் திருப்பித் திருப்பி இதே கேள்வியளைத்தான் கேக்கினம், அதால எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதிப் போடுறன். கொஞ்சம் நீட்டு, ஆறுதலா வாசியுங்கோ.

அண்ணை, வன்னியில இருந்துகொண்டு ஏன் எவர்ட்டன்? எல்லாரும் மான்செஸ்டர், லிவர்பூல், ஆர்சனல் எண்டுதானே நிக்கினம்?

அப்பாதான் காரணம். 90களில வன்னியில கரண்ட் எண்ட கதையே இல்ல, பற்றறியும் உள்ள வர விடமாட்டினம், சைக்கிளைக் கவிட்டு வச்சு டைனமோவில வயர் கொழுவி பெடலைச் சுத்திச் சுத்தித்தான் ரேடியோ கேட்டது, அந்தக் காலத்தில இருந்தவைக்கு இது தெரியும். எல்லா வீட்டிலயும் செய்திக்குச் சுத்தினவை. எங்கட வீட்டில செய்திக்கும் சுத்தி, சனிக்கிழமையில பிபிசி இங்கிலிஷ் சேவையில புட்போல் முடிவு வாசிக்கிறதுக்கும் சுத்த வேணும். 1995 மே 20, எஃப்.ஏ. கப் எண்ட இங்கிலாந்துக் கோப்பையின்ர பைனல், எவர்ட்டன் 1 மான்செஸ்டர் யுனைற்றட் 0, போல் றைடவுட் தலையால அடிச்ச கோல். அந்தச் சீசன் தொடங்கேக்க லீக்கில அடிமட்டத்தில கிடந்த கிளப் அது. அப்பா எழும்பி நிண்டு கை தட்டினவர், பெடல் சுத்தினது நான். அதுக்குப் பிறகு பெரிய கோப்பை ஒண்டும் வரேல்ல, ஆனா எனக்கு விட்டுட்டுப் போக ஒருநாளும் மனம் வந்ததில்ல.

நேர போய்ப் பாத்தனீங்களோ?

இல்லை. பெரியம்மான்ர மகன் லிவர்பூலில இருக்கிறார், அவர் மாட்ச் இல்லாத ஒருநாள் வீடியோ கோல் எடுத்து கிறவுண்டைச் சுத்தி நடந்து காட்டினவர், ஒவ்வொரு ஒழுங்கையாக் காட்டச் சொல்லி அந்தாளைக் களைக்கப் பண்ணிட்டன். மிச்சம் எல்லாம் பழைய மாட்ச் வீடியோவும் வாசிச்சதும்தான். போகாத ஆள் கதைக்கக் கூடாதோ எண்டு ஒருத்தர் கேட்டவர். கதைக்கலாம். ரேடியோவில சனத்தின்ர சத்தத்தைக் கேட்டு வளந்த ஆளுக்கு அந்தச் சத்தம் எங்க இருந்து வந்தது எண்டு தேட உரிமை இருக்கு.

அந்தக் கிறவுண்ட் எங்க, எப்பிடி வந்தது?

லிவர்பூல் நகரத்தில வால்ற்றன் எண்ட பகுதி. எவர்ட்டன் அதுக்கு முதல் விளையாடினது இப்ப லிவர்பூல் கிளப் விளையாடுற ஆன்ஃபீல்டிலதான், இது கனபேருக்குத் தெரியாது. ஜோன் ஹோல்டிங் எண்டவரோட வாடகைப் பிரச்சினை வந்து 1892ல எவர்ட்டன் அந்த இடத்தை விட்டு எழும்பி, ஸ்ரான்லி பார்க் எண்ட பூங்காவுக்கு மற்றப் பக்கத்தில புதுசாக் காணி எடுத்து கிறவுண்ட் கட்டினது. வெறுமையாப் போன ஆன்ஃபீல்டுக்கு ஹோல்டிங் புதுசா ஒரு கிளப்பை உண்டாக்கினார், அதுதான் லிவர்பூல். ரெண்டு கிறவுண்டுக்கும் இடையில ஒரு மைல் தூரம்கூட இல்ல.

குடிசன் பார்க்கின்ர விசேசம் அது வீடுகளுக்கு நடுவில இருந்தது. கிளாடிஸ் ஸ்ட்ரீற்றில வீட்டு வாசலைத் திறந்தா எதிர்ப்பக்கம் கலரியின்ர சுவர். ஒரு மூலையில சென்ட் லூக் தேவாலயம் கிறவுண்டுக்குள்ள வந்து நிக்கிற மாதிரி ரெண்டு ஸ்ராண்டுக்கும் இடையில நிக்குது. ஆர்ச்சிபோல்ட் லீச் எண்ட ஸ்கொட்லாந்து எஞ்சினியர் கட்டின ஸ்ராண்டுகளில பல்கனியின்ர முன்பக்கம் குறுக்கும் மறுக்குமா இரும்புச் சட்டம் போகும், நீலமும் வெள்ளையுமா, போட்டோவில அதை ஒருக்காப் பாத்தா பிறகு எங்க கண்டாலும் இது குடிசன் எண்டு பிடிச்சிடுவியள்.

உண்மையில எவ்வளவு சனம் வந்தது? சும்மா கூட்டிச் சொல்லுறியளோ?

ஆகக் கூடினது 78,299 பேர். 1948 செப்ரெம்பர் 18, லிவர்பூலோட லீக் மாட்ச், 1-1 எண்டு முடிஞ்சது. இது எங்களுக்கு விளங்குற மாதிரிச் சொல்லுறதெண்டா, 2012 குடிசன மதிப்பீட்டில முல்லைத்தீவு மாவட்டம் முழுக்க இருந்த சனம் 92 ஆயிரம் அளவில. துணுக்காய் தொடங்கி கரையோரம் மட்டும், பிள்ளை குட்டி கிழவன் கிழவியெல்லாம் சேத்து. அதில பெரும்பகுதியை ஒரு கிறவுண்டுக்குள்ள விட்டுக் கேற்றைப் பூட்டினா எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. கடைசிக் காலத்தில அதே கிறவுண்டில 39 ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் இருக்கலாம், ஏனெண்டா எல்லாம் கதிரை.

அந்தக் காலத்தில முக்கால்வாசிப்பேர் நிண்டுதான் பாத்தவை. படி படியாக் கட்டின கொங்கிறீற், அங்கங்க இரும்புத் தடுப்பு, அவ்வளவுதான். கோல் விழுந்தா ஒரு பக்கத்துச் சனம் அப்பிடியே பத்துப் படி கீழ தள்ளுப்பட்டு வந்து பிறகு மேல போகும், கால் நிலத்தில முட்டாமலே போய் வந்த கதையை அங்கத்தைய வயசுபோன ஆக்கள் கனக்கச் சொல்லி வச்சிருக்கினம். வற்றாப்பளை அம்மன் பொங்கல் ராவு கோயில் வீதியில அகப்பட்டுக்கொண்டு, சனம் போற பக்கம் தானும் போனவைக்கு அது விளங்கும்.

ஏன் அந்த நேரம் அவ்வளவு சனம்?

என்னட்ட கேட்டா இதுதான் எல்லாத்திலயும் முக்கியமான கேள்வி.

புத்தகங்களில சொல்லுற காரணங்கள் எல்லாம் சரிதான். வீட்டில ரீவி இல்ல. ரிக்கெற் மலிவு. சனிக்கிழமை அரைநாள் வேலை, துறைமுகத்திலயும் பக்ரறியிலயும் வேலை செய்த சனம் மத்தியானம் விட்டவுடன நேர கிறவுண்டுக்குத்தான் நடந்தது. ஆனா முக்கியமானது யுத்தம். 1939ல லீக் நிண்டுபோச்சு, திரும்பத் தொடங்கினது 1946ல. லிவர்பூல் நகரம் ஜேர்மன்காரன்ர குண்டால சரியா அடிபட்ட இடம், குடிசன் பார்க்கிலயும் கிளாடிஸ் ஸ்ட்ரீற் பக்கம் குண்டு விழுந்து சேதம். வீடு போன ஆக்கள், பிள்ளையைக் குடுத்த ஆக்கள், முன்னரங்கில இருந்து திரும்பி வந்த ஆக்கள், எல்லாருக்கும் சனிக்கிழமை பின்னேரம் போய் நிக்க ஒரு இடம் வேண்டிக்கிடந்தது. 1948-49 சீசனில இங்கிலாந்து லீக் மாட்ச்சுகளுக்கு வந்த சனத்தைக் கூட்டினா 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல, அந்த எண்ணிக்கை பிறகு ஒரு சீசனிலயும் வரேல்ல.

இதை நான் புத்தகத்தில வாசிக்க முதலே எங்கட ஊரில கண்டிட்டன். 2010ல மீள்குடியேறி வரேக்க எங்கட கிறவுண்ட் முழுக்கப் பத்தை, கோல் கம்பம் இல்ல, மிதிவெடி எடுக்கிற ஆக்கள் சிவப்புத் தடி நட்டு ஒவ்வொரு துண்டாக் கிளியர் பண்ணிக் குடுத்த பிறகுதான் உள்ள கால் வைக்க விட்டவை. பிறகு அதில முதல் முதல் ஒரு சுற்றுப்போட்டி வச்சது. சனத்தை நீங்கள் பாத்திருக்க வேணும். தறப்பாள் கொட்டிலில இருந்த சனம், இன்னும் ஒழுங்கா ஒரு வேலை இல்லாத சனம், உழவு மெசின் பெட்டியில ஏறி நிண்டு, சைக்கிள் கரியரில ஏறி நிண்டு, கச்சான் விக்கிறவரும் ஐஸ்பழப் பெட்டிக்காரரும் எங்க இருந்து வந்தவை எண்டே தெரியேல்ல. விளையாட்டு அப்பிடி ஒண்டும் திறம் இல்ல, பாதிப்பேருக்குச் சப்பாத்தே இல்ல. ஆனா ஒருத்தரும் எழும்பிப் போகேல்ல. ஆர் உயிரோட இருக்கினம் எண்டு பாக்க வந்த சனம் அது, கிறவுண்டின்ர மற்றக் கரையில ஒரு முகத்தைக் கண்டிட்டு மாட்ச் நடக்கேக்க நடுவால ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்ச ஆக்களைக் கண்டனான், றெஃபறியும் விசில் அடிக்கேல்ல. 1948ல குடிசனுக்கு வந்த 78 ஆயிரத்தைப் பற்றி ஆர் எழுதினாலும் எனக்கு அந்தப் பின்னேரம்தான் ஞாபகம் வரும்.

அவ்வளவு சனம் எண்டா ஆபத்துத்தானே?

ஓம், ஆபத்துத்தான், அதை மறைச்சுக்கொண்டு பழைய காலம் சொர்க்கம் எண்டு சொல்லக்கூடாது. 1946 மார்ச் 9, போல்ற்றன் கிளப்பின்ர பேர்ண்டன் பார்க்கில அளவுக்கு மிஞ்சிச் சனம் உள்ள போய் நெரிஞ்சு 33 பேர் செத்தவை. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டில ஹில்ஸ்பரோ எண்ட கிறவுண்டில லிவர்பூல் ஆதரவாளர்கள் நெரிசலில அகப்பட்டு, இண்டைக்குக் கணக்கு 97 உயிர். அதுக்குப் பிறகு வந்த விசாரணை அறிக்கையாலதான் பெரிய கிறவுண்டுகளில எல்லாம் கதிரை போட வேண்டி வந்தது. குடிசனிலயும் நிண்டு பாக்கிற இடம் அதோட இல்லாமப் போச்சு.

ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேணும். ஆன்ஃபீல்டில இருந்து ஸ்ரான்லி பார்க்குக்குள்ளால குடிசன் மட்டும் சிவப்பும் நீலமுமாக் கழுத்துத் துண்டுகளை முடிச்சுப்போட்டு ஒரே சங்கிலியாக் கட்டினவை. லிவர்பூல் அந்த அழிவுக்குப் பிறகு ஆடின முதல் போட்டி மாட்ச் மே 3ல குடிசன் பார்க்கில, எவர்ட்டனோட, 0-0. ஜென்ம எதிரி எண்டு சொல்லுற ரெண்டு கிளப். செத்த வீட்டுக்குப் பகை பாக்காமப் போறது எங்களுக்கும் தெரிஞ்ச முறைதானே.

நிண்டு பாக்கிறது போனது எனக்குக் கவலைதான், ஆனா மாட்ச் பாக்கப்போன பிள்ளை வீட்டுக்கு வர வேணும், அதுக்கு மேல ஒரு நியாயமும் இல்ல.

பெண்களின்ர மாட்ச் ஒண்டுக்கும் அங்க பெரிய கூட்டம் வந்ததாமே?

வந்தது. 1920 டிசம்பர் 26. பிறெஸ்ரனில இருந்த டிக் கேர் எண்ட பக்ரறியில முதலாம் உலக யுத்த நேரம் வெடிமருந்து வேலை செய்த பெட்டையள் சேந்து உண்டாக்கின ரீம், சென்ட் ஹெலன்ஸ் பெண்கள் ரீமோட விளையாடினது. உள்ள வந்த சனம் 53 ஆயிரம், அதுக்கு மேல ஆயிரக்கணக்கில ஆக்கள் உள்ள போக இடமில்லாம வெளியில நிண்டவை. சேந்த காசு யுத்தத்தால திரும்பி வந்த சிப்பாய்களின்ர உதவிக்குப் போனது.

அடுத்த வருசம் 1921 டிசம்பர் 5, இங்கிலாந்து புட்போல் சங்கம் தன்ர உறுப்பினர் கிளப்புகளின்ர கிறவுண்ட் ஒண்டிலயும் பெண்கள் விளையாடக் கூடாது எண்டு தடை போட்டது. பெண்களுக்கு இந்த விளையாட்டுச் சரிவராது எண்டு காரணம் சொன்னவை. அந்தத் தடை கிட்டத்தட்ட அம்பது வருசம் நிண்டது. சனம் வராட்டி ஆரும் தடை போடப் போறேல்ல, 53 ஆயிரம் வந்ததுதான் கண்ணில குத்தினது எண்டுதான் நான் நினைக்கிறன். எனக்கு இதை நினைச்சா இப்பவும் கோவம் வரும். எங்கட பகுதியில பெண்பிள்ளையளுக்குக் கிறவுண்ட் குடுக்கப் பஞ்சிப்படுற கிளப் நிர்வாகங்கள் இந்தக் கதையைக் கட்டாயம் அறிய வேணும்.

பெலே அங்க விளையாடினவரோ?

ஓம். 1966 உலகக்கோப்பையில பிறேசிலின்ர மூண்டு மாட்ச்சும் அங்கதான். பல்கேரியாவை 2-0 வெண்டது, பெலே ஒரு கோல் காறிஞ்சா ஒரு கோல், பிறகு ஹங்கேரியிட்ட 3-1, போர்த்துக்கலிட்ட 3-1 தோத்து வெளிய போச்சு. போர்த்துக்கல் வட கொரியா காலிறுதியும் அங்கதான். வட கொரியா 3-0 முன்னுக்கு நிண்டது, பிறகு யூசேபியோ ஒரே ஆள் நாலு கோல் அடிச்சு 5-3 எண்டு முடிஞ்சது. மேற்கு ஜேர்மனி சோவியத் யூனியன் அரையிறுதியும் அதே கிறவுண்ட்.

டிக்சி டீன் ஆர்?

1927-28 சீசனில லீக்கில மட்டும் 60 கோல் அடிச்ச எவர்ட்டன்காரர். இங்கிலாந்தின்ர முதல் டிவிசனில ஒருத்தரும் இண்டைக்கு மட்டும் அதை நெருங்கேல்ல. கடைசி மாட்ச்சுக்கு வரேக்க 57, இன்னும் மூண்டு வேணும், ஆர்சனலோட குடிசனில, மூண்டும் அடிச்சார், அறுவதாவது கோல் கோர்ணரில இருந்து தலையால. 1980 மார்ச் 1, எவர்ட்டன் லிவர்பூல் மாட்ச் பாக்க வந்த இடத்தில, அதே குடிசன் பார்க்கிலயே அவர் செத்துப்போனார். வயசு 73.

தூண் மறைக்குமாமே? காசு குடுத்துப் போய் தூணையோ பாக்கிறது?

மறைக்கும். லீச்சின்ர காலத்துக் கட்டடம், கூரையைத் தாங்க இரும்புத்தூண் வேணும், அதுக்குப் பின்னால சீற் கிடைச்சா ஒரு கோல் பக்கம் தெரியாது. கழுத்தை நீட்டி நீட்டிப் பாக்கிறது, பக்கத்தில இருக்கிறவரிட்ட என்ன நடந்தது எண்டு கேக்கிறது, அதாலயே முன்பின் தெரியாத ஆக்கள் கதைச்சுப் பழகினவை. அதைக் குறை எண்டு சொல்லுறவையில பிழையில்ல.

எந்த மாட்ச் குடிசனின்ர ஆகப் பெரிய மாட்ச்?

ஆக்களைப் பொறுத்து மறுமொழி மாறும். வயசானவை சொல்லுறது 1985 ஏப்ரல் 24, ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கப் அரையிறுதி, பயேர்ன் மியூனிக். முதல் மாட்ச் ஜேர்மனியில 0-0. குடிசனில பயேர்ன் முதல் கோல் அடிச்சிட்டுது. இரண்டாம் பாதியில எவர்ட்டன் கிளாடிஸ் ஸ்ட்ரீற் பக்கம் அடிச்சு விளையாடினது, ஷார்ப், கிறே, ஸ்ரீவன் எண்டு மூண்டு கோல், 3-1. வீடியோவைப் பாருங்கோ, அந்தக் கோல் பக்கத்துச் சனம் நிண்ட நிலை, பந்தை அவையளே இழுத்து உள்ள விட்டவை எண்டு நம்புவியள். அந்த முறை கோப்பையும் எவர்ட்டனுக்குத்தான்.

எனக்கு 1994 மே 7. விம்பிள்டனோட கடைசி மாட்ச், தோத்தா கீழ் டிவிசன். 2-0 பின்னுக்கு நிண்டு 3-2 வெண்டது. பார்க் எண்ட் எண்ட பக்கத்து ஸ்ராண்டை அப்ப இடிச்சுத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தபடியா அந்தப் பக்கம் திறந்துபோய்க் கிடந்தது, ரிக்கெற் இல்லாத சனம் அங்கால மரத்தில ஏறி இருந்து பாத்தது. அந்தப் படத்தை முதல் கண்டநேரம் எனக்கு அவையளில ஒரு சொந்தம் வந்துட்டுது, எங்கட கிறவுண்டிலயும் வேப்பமரத்தில ஏறுறதுக்கு விடியவே இடம் பிடிக்கிற பெடியள் இருந்தவை.

நான் லைவாப் பாத்ததில மறக்க ஏலாதது 2025 பெப்ரவரி, குடிசனில நடந்த கடைசி லிவர்பூல் மாட்ச். எங்கட நேரம் ராவு ஒரு மணிக்குத் தொடங்கினது, விடியப்புறம் மூண்டு மணிக்குக் கிட்ட, 98வது நிமிசம், எவர்ட்டன்காரர் டார்க்கோவ்ஸ்கி அடிச்ச அடியில 2-2. வீட்டில எல்லாரும் பயந்து எழும்பிட்டினம்.

கடைசி மாட்ச் பாத்தனீங்களோ?

2025 மே 18, சவுத்தாம்ப்ரனோட, 2-0, ரெண்டும் இலிமான் என்டியாய் அடிச்சது. எங்கட நேரம் பின்னேரம் நாலரைக்கு.

அண்டைக்கு மே 18. முள்ளிவாய்க்கால் நாள். காலமை அங்க போய் விளக்குக் கொழுத்தி, கஞ்சி குடிச்சு, வீட்ட வந்தா அந்த வீட்டில ரீவி போட மனம் வராது. போடேல்ல. பிறகொரு நாள்தான் முழுக்கப் பாத்தன். ரெண்டையும் நான் ஒண்டாக்கேல்ல, ஒண்டாக்கவும் கூடாது, கேட்டபடியாச் சொல்லுறன். பாத்தநேரம் கண்டது என்னெண்டா, உள்ள போக ரிக்கெற் இல்லாத சனமும் விடியவில இருந்து அந்த ஒழுங்கையளில நீலப் புகையோட நிறைஞ்சு நிக்குது. மாட்ச் முடிஞ்ச பிறகு பழைய வீரர்கள் எல்லாரும் இறங்கி வர, கலரியில தாத்தாவும் மகனும் பேரனுமா நிண்டு அழுகினம். சும்மா ஒரு விளையாட்டுக் கிறவுண்டுக்கு அழுறதோ எண்டு கேட்டவைக்கு என்னட்ட மறுமொழி இல்ல, அவைக்கு அப்பிடி ஒரு இடம் இருந்ததில்ல எண்டு நினைக்கிறன்.

புது கிறவுண்ட் பெரிசும் வசதியுமாமே, பிறகென்ன கவலை?

பெரிசுதான், 52 ஆயிரத்துக்கு மேல இருக்கலாம். மேர்சி ஆற்றங்கரையில பிறாம்லி மூர் எண்ட பழைய துறைமுகத் தொட்டியை நிரப்பிக் கட்டினது. தூண் மறைக்காது, சக்கர நாற்காலியில வாறவைக்கு வசதி, ரிக்கெற் இல்லாமக் காத்திருந்த கனபேருக்கு இடம் கிடைச்சிருக்கு. முதல் லீக் மாட்ச் 2025 ஓகஸ்ட் 24, பிறைற்றனை 2-0 வெண்டது, அங்கயும் முதல் கோல் அதே என்டியாய். லிவர்பூல் துறைமுகப் பகுதி 2021ல யுனெஸ்கோவின்ர உலக மரபுரிமைப் பட்டியலில இருந்து எடுபட்டதுக்கு இந்தக் கிறவுண்டும் ஒரு காரணமாச் சொல்லப்பட்டது, அது கவலையான விசயம்.

என்ர கருத்தைக் கேட்டா, கிளப் போனதில பிழையில்ல. ஆனா கதிரையின்ர எண்ணிக்கை கூடிறதும் பெரிய கூட்டமும் ஒண்டில்ல. குடிசன் கூட்டம் எண்டது உள்ள இருந்த 39 ஆயிரம் மட்டுமில்ல, வாசலில கதிரை போட்டு இருந்து போற வாற ஆக்களோட கதைக்கிற கிழவியும், மூலையில சிப்ஸ் விக்கிற கடையும், பிள்ளையைத் தோளில தூக்கிக்கொண்டு அதே ஒழுங்கையால நடந்த தகப்பனும், அந்த ஒழுங்கையால முந்தி அவரைத் தூக்கிக்கொண்டு நடந்த அவற்ற தகப்பனும் சேந்ததுதான். லொறியில ஏத்திக்கொண்டு போய் ஆத்தங்கரையில இறக்க ஏலாது அதை. புது இடத்திலயும் அது வளரும், ஒரு தலைமுறை எடுக்கும்.

பழைய கிறவுண்டை இடிச்சுப் போட்டினமோ?

இல்ல. முதல் இடிக்கிற திட்டம்தான் இருந்தது. 2025 மே மாதம், ஆண்களின்ர கடைசி மாட்ச்சுக்குக் கொஞ்சம் முதல், எவர்ட்டன் பெண்கள் ரீமுக்கு அதைச் சொந்தக் கிறவுண்டாக் குடுக்கிறம் எண்டு அறிவிச்சவை, அந்தச் செப்ரெம்பரே அங்க லீக் மாட்ச் தொடங்கிட்டுது. 1920ல 53 ஆயிரம் வந்த அதே புல். இதைவிடச் சரியான முடிவு ஒண்டை ஆராலும் எடுத்திருக்க ஏலாது.

இன்னுமொரு காரணமும் இருக்கு. செத்த ஆதரவாளர்களின்ர சாம்பலை அந்தக் கிறவுண்டின்ர கரையில புதைக்க குடும்பங்கள் கேட்டு, கிளப்பும் கனகாலம் விட்டது, எண்ணூறு பேருக்கு மேல ஆன பிறகு 2004ல இடமில்லை எண்டு நிப்பாட்டிட்டினம். அப்பிடியான நிலத்தில புல்டோசர் விடக்கூடாது எண்டது வன்னியில ஆருக்கும் சொல்லித்தரத் தேவையில்லாத விசயம்.

எங்கட ஊர்க் கிறவுண்டுக்கு இப்ப ஏன் சனம் வாறேல்ல?

இது குடிசன் கேள்வி இல்ல, ஆனா எல்லாரும் கடைசியா இதுக்குத்தான் வருவினம். போன் வந்தது ஒரு காரணம். விளையாடக்கூடிய வயசுப் பெடியள் வெளிநாட்டுக்குப் போறது அதைவிடப் பெரிய காரணம், ஒரு ரீம் போட்டோவில இருக்கிற பதினொரு பேரில எத்தினை பேர் இப்ப ஊரில நிக்கினம் எண்டு பாருங்கோ. பின்னேரம் பின்னேரம் வயலில, கல்லு உடைக்கிற இடத்தில, கார்மென்ற்ஸ் (உடுப்புத் தைக்கிற பக்ரறி) பஸ்ஸில நிக்கிற சனத்துக்கு நேரமும் இல்ல.

அதோட நாங்களும் ஒரு விசயத்தைச் செய்யிறம், எனக்கு அதில உடன்பாடு இல்ல. வெளிநாட்டுக் காசு வந்தவுடன பைனலை ரவுனில இருக்கிற பெரிய ஸ்ரேடியத்தில வைக்கிறம், மின்னொளி, பிரதம விருந்தினர், மாலை, நீளப் பேச்சு. ஊர்ச்சனம் பஸ் பிடிச்சு அங்க வருமோ? பைனலை ஊரிலயே வையுங்கோ. ஜெனறேற்றர் கொண்டுவந்து லைற்றைக் கட்டுங்கோ, லவுட்ஸ்பீக்கரில ஊர்ப் பெடியன் ஒருத்தனைக் கதைக்க விடுங்கோ, பெண்பிள்ளையளின்ர மாட்ச் ஒண்டை முதல் போடுங்கோ. பேச்சைக் குறையுங்கோ. கிறவுண்டுக்குப் பக்கத்தில இருக்கிற பத்து வீட்டுச் சனம் எழும்பி வந்தா மற்ற ஊர்ச்சனம் தானா வரும், குடிசனிலயும் அப்பிடித்தான் தொடங்கியிருக்கும்.

பாக்கத் தொடங்குறதெண்டா எங்க தொடங்குறது?

முதல் பயேர்ன் 1985, பிறகு விம்பிள்டன் 1994, பிறகு போர்த்துக்கல் வட கொரியா 1966, மூண்டும் இணையத்தில தேடினா வரும். இப்பத்தைய மாட்ச் எண்டா, அங்க சனிக்கிழமை பின்னேரம் மூண்டு மணி மாட்ச் எங்களுக்கு இரவு ஏழரை, ஒக்ரோபர் கடைசி ஞாயிறில இருந்து மார்ச் கடைசி ஞாயிறு மட்டும் எட்டரை, ஏனெண்டா அவை மணிக்கூட்டை மாத்துவினம், நாங்கள் மாத்திறேல்ல. பெண்கள் ரீமின்ர மாட்ச்சுகளையும் விடாதேங்கோ, கமெரா அந்தப் பக்கம் திரும்பேக்க சென்ட் லூக் தேவாலயமும் லீச்சின்ர இரும்புச் சட்டங்களும் இப்பவும் அப்பிடியே தெரியும்.